எக்ஸ் கதிர் மறைப்பு: செயற்படு விண்மீன் மண்டலங்களில்

செயற்படு விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள பெருங்கருந்துளையின் அருகே எழும் எக்ஸ் கதிர்களின் பொலிவு மணிக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் கூடிக் குறைகிறது. இம்மாற்றத்தின் ஒரு பகுதிக்கேனும் காரணம், இடையே கடக்கும் வாயு முகில்களே. மிகத் தெளிவான சான்று என்.ஜி.சி. 1365. மார்கழி முன்னிரவுகளில் கண்டியின் தென்வானில் சுமார் 46 பாகை உயரம்வரை ஏறும் மண்டலம் அது. ஆனால் அந்நகரை அடுத்த ஹந்தானை மலையுச்சியில் எந்தத் தொலைநோக்கியை நிறுத்தினாலும் வளிமண்டலம் எக்ஸ் கதிரை மறித்துவிடும். சான்று விண்வெளியிலிருந்தே வரவேண்டும். தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி 2006 ஏப்ரலில் நோக்கியபோது, நான்கே நாளில் எக்ஸ் கதிர் மூலம் மறைந்து மீண்டது. அவ்வளவு விரைவான மறைப்புக்கு மூலம் மிகச் சிறியதாகவும், முகில் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் செல்வதாகவும் இருக்கவேண்டும்.

மூலமே மங்கியிருக்கலாமே என்பது நியாயமான மறுப்பு. மூலம் மங்கினால் எல்லா ஆற்றல்களிலும் கதிர் ஏறக்குறைய ஒருசேரக் குறையும். முகில் மறைத்தால் ஆற்றல் குறைந்த கதிர்களே முதலில் உறிஞ்சப்படும், தொலைவிலுள்ள வாயு தெறிக்கும் கதிரோ மாறாது நிற்கும். என்.ஜி.சி. 1365 காட்டியது இரண்டாவதையே. ஆயினும் எல்லா மாற்றத்தையும் முகிலின்மேல் ஏற்றுவது மிகை. நுஸ்டார், எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வு, இதே மண்டலத்தின் உயர் ஆற்றல் நிறமாலைக்கு முகில் மட்டும் போதாது, கருந்துளையை ஒட்டிய தட்டிலிருந்து தெறிக்கும் கதிரும் வேண்டும் என்று காட்டியது.