துயர் கேட்கும் செவிகள்

தற்கொலை என்னும் சொல்லை நம் இல்லங்களில் எவரும் உரக்கச் சொல்வதில்லை. "திடீர் மௌத்து" என்ற இரண்டு சொற்களில் பேச்சை முடித்துக்கொள்கிறோம். மார்க்கம் விலக்கிய செயல், ஊர் பழிக்கும் செயல், காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டிய செயல் என்னும் மூன்று அச்சங்கள் சேர்ந்து நம் வாயைக் கட்டிவிட்டன. ஆயின், மூடி மறைத்ததால் மரணங்கள் குறைந்தனவா? அரசின் குற்றப்பதிவுக் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,70,924 பேர் தம்மை மாய்த்துக்கொண்டனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். பதிவான காரணங்களில் 31.7 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது குடும்பப் பிரச்சினை. எனவே, இதனைக் குடும்பங்களாகிய நாம் பேசாது வேறு யார் பேசுவது?

மனத்துயரை நோயாகக் கண்டு மருந்து தேடிய மரபு நமக்கு அயலானதன்று. 934ஆம் ஆண்டில் மறைந்த அபூ ஸைது அல்-பல்கி, உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பேணும் வழிகளை ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாமல் உடலின் கோளாற்றால் எழும் துயரம் மற்றொன்று என அவர் பிரித்துக் காட்டினார். 1284இல் கெய்ரோவில் எழுந்த கலாவூன் மருத்துவமனையில் மனநோயாளர்க்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. உயிரை மாய்ப்பது ஹராம் என்று அறிந்திருந்த சமுதாயமே மனநோய்க்கு மருத்துவமும் செய்தது. விலக்கு வேறு, சிகிச்சை வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நம் நாட்டுச் சட்டமோ நெடுங்காலம் தண்டனையையே நம்பியிருந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவில், உயிர் விட முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது. இச்சட்டத்தைத் தந்த இங்கிலாந்தே 1961இல் அக்குற்றத்தைத் தன் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. இங்கே 1994இல் உச்சநீதிமன்றம் அப்பிரிவு செல்லாது என்றது. 1996இல் வேறோர் அமர்வு அதனைச் செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் எனக் கருத வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சை தர வேண்டும் என்று விதித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309 இடம்பெறவில்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரைக் கட்டாயப்படுத்தவோ செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக நீடிக்கிறது. ஆகவே வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருக்க இனி எவருக்கும் காரணமில்லை.

சட்டம் திருந்துமுன்பே சென்னையில் சில உள்ளங்கள் விழித்துக்கொண்டன. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா'வை நிறுவினார். 1953இல் லண்டனில் பாதிரியார் சாட் வாரா தொடங்கிய பணியின் வழியில் வந்தது அது. அங்குள்ள தொண்டர்கள் உபதேசம் செய்வதில்லை. காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதே டாக்டர் சகமருத்துவர் ஒருவருடன் சென்னையில் தற்கொலையால் இறந்த 100 பேரையும், ஒப்புநோக்க வேறு 100 பேரையும் ஆராய்ந்து 1999இல் முடிவுகளை வெளியிட்டார். மனநோய், குடும்பத்தில் முன்பே இருந்த மனநோய், அண்மையில் நேர்ந்த துயர நிகழ்ச்சிகள் ஆகியவை ஆபத்தைப் பெருக்கின என்பது அவற்றின் சாரம். ஒரே காரணத்தால் உயிர் போவதில்லை. பல சுமைகள் ஒருசேர அழுத்துகின்றன.

குடும்பப் பிணைப்பு உயிரைக் காக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம் 1897இல் எழுதினார். ஆனால் 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, இந்நாட்டில் இவ்வாறு இறக்கும் பெண்களில் மணமானவர்களே மிகுதி என்று காட்டியது. குடும்பம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அதில் பேச இடமும் இருக்க வேண்டும் என்பதையே இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் உணர்கிறோம்.

செவிமடுப்பின் வலிமைக்குக் கணக்கும் உண்டு. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாட்டு நகரங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரை உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மறு பகுதியினரிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் பேசி, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரித்தனர். 2008இல் வெளியான முடிவின்படி, முதற்பகுதியில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். நலம் விசாரிக்கப்பட்டோரில் 0.2 விழுக்காட்டினரே இறந்தனர். நலம் விசாரிப்பதற்கு என்ன செலவு?

கல்லாவி, ஊத்தங்கரை வட்டாரத்துக் குடும்பங்களை இங்கே நினைத்துப் பார்க்கிறோம். ஓசூர் ஆலைகளுக்கும் பெங்களூருக்கும் பிழைப்புக்குச் சென்ற மகன், இரவு ஷிப்டு முடிந்து தனியறையில் படுக்கிறான். வட்டிக்கடனை அத்தாவிடம் சொல்ல வெட்கம். மனைவியிடம் சொல்ல அச்சம். ஊரிலிருக்கும் மனைவிக்கோ தன் மனச்சுமையை இறக்கிவைக்க ஆளில்லை. ஆனால் உதவி தொலைவில் இல்லை. 1974இல் உருவான நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரிலேயே இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையளிக்கும் முறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நெடுநாளாகக் கைக்கொண்டுள்ளது. 2022இல் தொடங்கிய 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இல்லத்தார் அறிய வேண்டியவை சிலவே. உறக்கமும் பசியும் கெடுதல், எல்லோரிடமிருந்தும் ஒதுங்குதல், "நான் உங்களுக்குப் பாரம்" என்னும் பேச்சு, திடீரென விடைபெறுவது போன்ற நடத்தை ஆகியவற்றை அலட்சியம் செய்யலாகாது. "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று அன்போடு நேராகவே கேட்கலாம், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாய் முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

இழப்பு நேர்ந்துவிட்ட வீட்டுக்கும் ஊர் கடமைப்பட்டிருக்கிறது. அத்தகையோருக்கும் ஜனாஸா தொழுகை உண்டென்பதே பெரும்பான்மை உலமாக்களின் தீர்ப்பு. அவ்வீட்டின் வாசலில் நின்று காரணம் விசாரிப்போர் பலர். உள்ளே சென்று, தாயின் அருகில் அமர்ந்து, அவள் சொல்வதைக் கேட்போர் சிலராவது ஒவ்வொரு ஜமாஅத்திலும் தோன்ற வேண்டும்.