லோத்துவின் கண்களும் எம்போரியாவின் பள்ளிகளும்



ஆதியாகமம் 13-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் லோத்துவின் பேராசையைக் கண்டிப்பதற்காகவே வாசிக்கிறோம். ஆயினும் பிரிந்துபோகலாம் என்ற யோசனையை அங்கே முதலில் சொன்னவர் லோத்து அல்ல, ஆபிராம். மேய்ப்பருக்குள் வாக்குவாதம் உண்டானபோது, சண்டையோடு சேர்ந்திருப்பதைவிடச் சமாதானத்தோடு விலகுவது மேல் என்று அந்த விசுவாசத் தகப்பன் எண்ணினார். ஆகவே அயலார் ஒருவரையொருவர் விட்டுப் பிரிவதெல்லாம் பாவம் என்று வேதத்தைக் காட்டிச் சொல்லிவிட முடியாது. அப்படியானால் எந்தப் பிரிவு நியாயமானது? இக்கேள்வியோடு இவ்வாரம் உங்களை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

வட கரோலினா எல்லையை ஒட்டியுள்ள கிரீன்ஸ்வில் கவுண்டியின் நடுவே எம்போரியா என்னும் சிறிய ஊர் இருக்கிறது. 1967-இல் அது நகரம் என்ற தகுதியைப் பெற்றது. வர்ஜீனியாவில் நகரமானது கவுண்டியின் ஆளுகைக்கு உட்பட்டதன்று. தனக்கெனப் பள்ளிகளை நடத்தும் உரிமையும் அதற்கு உண்டு. எனினும் எம்போரியா அவ்வுரிமையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. 1968-இல் கவுண்டியோடு ஓர் ஒப்பந்தம் செய்து, தன் பிள்ளைகளை முன்போலவே கவுண்டிப் பள்ளிகளுக்கு அனுப்பியது.

அப்பள்ளிகளின் நிலையையும் நீங்கள் அறியவேண்டும். நிறவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் 1954-இல் தீர்ப்பளித்திருந்தது. ஆனாலும் 1968-69 கல்வியாண்டில் அங்கிருந்த 2,510 கறுப்பினப் பிள்ளைகளுள் வெள்ளையர் பள்ளிகளில் பயின்றவர்கள் 98 பேர் மட்டுமே. கறுப்பினத்தார் பள்ளியில் ஒரு வெள்ளைப் பிள்ளையும் சேர்ந்ததில்லை. விரும்பிய பள்ளியைத் தெரிந்துகொள்ளும் சுதந்தரம் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர்! கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்கில், 1969 ஜூன் 25 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. ஒரு வகுப்பைச் சேர்ந்த பிள்ளைகள் அனைவரும், எந்த நிறத்தவராயினும், ஒரே பள்ளியில் பயிலவேண்டும் என்று கட்டளை பிறந்தது.

இரண்டு வாரங்களுக்குள் எம்போரியா நகர மன்றம், இனித் தன் பள்ளிகளைத் தானே நடத்தும் என்று அறிவித்தது.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கவுண்டியின் கல்விக் குழுவில் நகரத்தாருக்குக் குரல் இல்லை. அதிக வரி செலுத்தியாகிலும் தரமான கல்வி தரவேண்டும் என்ற விருப்பம் அவர்களுக்கு மெய்யாகவே இருந்ததை நீதிபதி ராபர்ட் மெரிஜும் ஒப்புக்கொண்டார். நகரப் பள்ளிகளிலும் இரு நிறத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே பயின்றிருப்பார்கள். வெள்ளையர் 48 சதவீதம், கறுப்பினத்தார் 52 சதவீதம். இதில் குற்றம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். வழக்கு 1972-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்தபோது தலைமை நீதிபதி பர்கரும் வேறு மூவரும் அதையே கேட்டார்கள். 1954 முதல் இத்தகைய வழக்குகளில் ஒருமனமாய் நின்ற அந்த நீதிமன்றம் அன்றுதான் முதன்முறையாக ஐந்துக்கு நான்கு என்று பிளவுபட்டது.

ஐவருக்காக எழுதிய நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட், பிரிந்துபோகிறவரின் உள்நோக்கத்தை ஆராய்வதிலேயே நின்றுவிடவில்லை. இப்பிரிவு என்ன விளைவை உண்டாக்கும் என்று பார்த்தார். சேர்ந்திருக்கையில் மொத்தத்தில் 34 சதவீதமாக இருந்த வெள்ளைப் பிள்ளைகள், நகரம் விலகினால் கவுண்டியில் 28 சதவீதமாகக் குறைவார்கள். வெள்ளையருக்கென்று கட்டப்பட்டிருந்த இரு பள்ளிகளும் நகரத்துக்குள் இருந்தன. நகரத்துக்கு வெளியே இருந்தவை எல்லாம் முன்பு கறுப்பினத்தாருக்கென்று ஒதுக்கப்பட்டவை. நல்ல இடமும் நல்ல வசதியும் எதற்கு இருந்தன என்று நான் சொல்லவேண்டியதில்லை. அதற்கு மேலாக, கட்டளை பிறந்த வேளையிலேயே நகரம் வெளியேறுவது, எஞ்சி நிற்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு என்ன செய்தியைச் சொல்லும் என்பதையும் நீதிமன்றம் சிந்தித்தது. பிரிவு தடைசெய்யப்பட்டது.

இங்கேதான் ஆபிராமின் செயல் என் மனதை உறுத்துகிறது. பிரிவை முன்மொழிந்தவர் அவர். ஆனால் முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையை மற்றவனுக்கு விட்டுக்கொடுத்தார். நீர்வளம் மிக்க யோர்தான் சமபூமி கையைவிட்டுப் போனபோதும் அவர் தம் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. எம்போரியாவோ பிரிவையும் முன்மொழிந்தது, சமபூமியையும் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டது.

சபையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. அதே வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, சேர்ந்து படிக்க வைப்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே நடத்தாமலிருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்காக ஒரு தனியார் பள்ளி எழும்பிற்று. அதன் வகுப்புகள் தொடக்கத்தில் தேவாலயக் கட்டடங்களிலும் நடைபெற்றன. அவ்வூரிலேயே, கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக முன்நின்று போராடியவர் பிரான்சிஸ் கிரிஃபின் என்னும் பாப்திஸ்து போதகர். இரு சாராரும் ஒரே வேதத்தைத்தான் வாசித்தார்கள். ஒரு போதகனாக இதை வாசிக்கையில், அந்நாளில் நான் அங்கே ஊழியம் செய்திருந்தால் எங்கள் ஆலயக் கதவை யாருக்குத் திறந்திருப்பேன் என்ற கேள்விக்கு என்னால் துணிந்து பதில் சொல்ல முடியவில்லை.

இக்கேள்வி ஓய்ந்துவிடவும் இல்லை. டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரப் பள்ளிகளும் ஷெல்பி கவுண்டிப் பள்ளிகளும் 2013-இல் ஒன்றாக்கப்பட்டன. மறு ஆண்டே ஆறு புறநகரங்கள் தனித்தனியே பிரிந்துபோயின. உள்ளூர் மக்களே தங்கள் பள்ளியை ஆளவேண்டும் என்பதுதான் அங்கும் சொல்லப்பட்ட காரணம்.

எம்போரியாவின் கதவையும் நீதிமன்றம் என்றென்றைக்குமாய்ப் பூட்டிவிடவில்லை. பழைய பிரிவினை வேரோடு நீங்கி, சேர்ந்து பயிலும் ஏற்பாடு நிலைபெற்றபின், ஒருவருக்கும் தீங்கின்றி விலக முடியுமானால் நகரம் விலகலாம் என்று அத்தீர்ப்பிலேயே இடம் வைக்கப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நகரத்துப் பிள்ளைகளும் கவுண்டியின் பிள்ளைகளும் இன்றும் ஒரே கல்வி நிர்வாகத்தின் கீழேயே படித்துவருகிறார்கள்.