அறுவைக் கீறல்: வயிற்றைத் திறத்தலும் தைத்தலும்

அறுவைக் கீறல் என்பது உள்ளுறுப்பை எட்டுவதற்காகத் தோலையும் அதன் கீழுள்ள அடுக்குகளையும் முறைப்படி வெட்டித் திறப்பது. வயிற்றுக் கீறல்களுக்கு அறுவை மருத்துவர்களின் பெயரால் பல வகைகள் உண்டு. ஆயினும் ஆறிய வயிறு மறுபடி பிரியாமல் நிற்பது, கீறிய இடத்தைவிடத் தைத்த முறையைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சங்கிதை இதை முன்னரே உணர்ந்திருந்தது. அறுவைச் செயல்களை எட்டாக வகுத்த அந்நூல் தைத்தலுக்குத் தனி இடம் தந்தது. தையலையும் வேல்லிதகம், கோபணிகை, துன்னசேவனி, ருஜுகிரந்தி என நான்காகப் பிரித்தது. மெல்லிய பருத்தி நூல், சணல், தசைநாண், மயிர் ஆகியவை தையலிழைகள். மூட்டுக்கு உருண்டை ஊசி, சதைப்பற்றுள்ள இடத்துக்கு முப்பட்டை ஊசி, வயிற்றுக்கு வில்போல் வளைந்த ஊசி. மாணவர் முதலில் துணியிலும் மெல்லிய தோலிலும் தைத்துப் பழக வேண்டும். கிழிந்த குடலின் விளிம்புகளைக் கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு இணைத்து, தலையை மட்டும் விட்டுவைக்கும் முறையும் அதில் உண்டு. எல்லாவற்றிலும் கூர்மையானது ஊசி குத்தும் தூரம் பற்றிய விதி: விளிம்பிலிருந்து தள்ளிக் குத்தினால் வலிக்கும், மிக ஒட்டிக் குத்தினால் விளிம்பு கிழியும்.

மேற்கத்திய மருத்துவம் கீறலின் திசையிலேயே நெடுங்காலம் கருத்தைச் செலுத்தியது. 1861இல் வியன்னாவின் லாங்கர், பிணங்களில் உருண்டை ஊசியால் குத்திய துளைகள் பிளவாக நீள்வதைக் கொண்டு தோலின் இழுவிசைக் கோடுகளை வரைந்தார். 1894இல் மெக்பர்னி, குடல்வால் அறுவையில் தசைநார்களை வெட்டாமல் விலக்கித் திறந்தார். 1900இல் ஃபான்னன்ஸ்டீல் அடிவயிற்றுக் குறுக்குக் கீறலை விவரித்தார். குறுக்குக் கீறலில் குடலிறக்கம் குறைவு, ஆகவே திசையே முக்கியம் என்று வாதிடலாம். அது ஓரளவு உண்மைதான். ஆனால் அடிவயிற்றுக் குறுக்குக் கீறல் வழியே மண்ணீரலை எட்ட முடியாது. உள்ளே இரத்தம் கொட்டும் அவசரத்தில் விரைவாகத் திறக்கவும் வேண்டியபடி நீட்டவும் ஏற்றது நடுக்கோட்டுக் கீறலே. எனவே அதே கீறலை எப்படி மூடுவது என்பதே மிஞ்சும் கேள்வி. அறுவைக்குப் பின் வயிறு உப்பினால் காயம் நீளும், இழை நீளாது. குட்டையான இழை திசுவை அறுத்துவிடும். அதனால் காயத்தின் நீளத்தைப்போல் நான்கு மடங்காவது இழை செல்ல வேண்டும் என்றார் ஜென்கின்ஸ் (1976). நெருக்கிக் குத்தினால் கிழியும் என்ற பழைய அச்சத்துக்கு 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு விடை தந்தது. 1 செ.மீ. தள்ளித் தைக்கப்பட்டவர்களில் 21 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் தழும்புவழிக் குடலிறக்கம் வந்தது. தசையுறையை மட்டும் பிடித்து 5 மி.மீ. இடைவெளியில் தைக்கப்பட்டவர்களில் 13 விழுக்காடு. கொழுப்பையும் தசையையும் சேர்த்துப் பிடிக்கும் அகலத் தையலில் அவை நசுங்க, இழை தளர்ந்துவிடுவதே காரணம்.

தோலை மூட இன்று ஸ்டேப்ளரும் பசையும் உண்டு. ஆனால் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் பெரியவர்களுக்கு 10 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகளில் தசையுறையைத் தைப்பதே பொது வழக்கம்.