பத்து ரூபாயும் ஒரு பழம்புடவையும்

பத்து ரூபாய், அத்துடன் ஒரு பழம்புடவை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு 1880களின் இறுதியில் தமிழகத்திலே பேசி முடிக்கப்பட்ட விலை அது. வாங்கியவர் ஒரு தேவதாசி. கொடுத்தது பெற்ற குடும்பம். அடித்துப் பிடுங்கவில்லை, இருளில் தூக்கிச் செல்லவில்லை, பட்டினி கிடந்த வீடு பண்டம் ஒன்றை விற்றது, அவ்வளவே! 1883இல் திருவாரூரில் பிறந்த அந்தச் சிறுமிதான் பின்னாளில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என நாடறிந்தவர்.

அந்த நாளில் சட்டம் இல்லையோ என ஐயுற வேண்டா. இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 372, 373 என்னும் இரு பிரிவுகளில், விபசாரத்திற்கெனச் சிறுமியை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் எனத் தெள்ளத் தெளிய எழுதி வைத்திருந்தது. பத்தாண்டுச் சிறைகூட விதிக்கலாம் என்றது. ஏட்டிலே சட்டம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகிப் போயிருந்த காலத்தில்தான் இராமாமிர்தம் கைமாறினார்.

இது கீழை நாட்டுக்கே உரிய கேடு என்று எண்ணிவிடவும் வேண்டா. அதே பத்தாண்டில், 1885இல், சூரியன் மறையாப் பேரரசின் தலைநகரான இலண்டனில், டபிள்யூ. டி. ஸ்டெட் என்னும் இதழாசிரியர் 13 வயதுச் சிறுமி ஒருத்தியை 5 பவுனுக்கு வாங்கிக் காட்டினார். வாங்க முடியும் என்பதை மெய்ப்பிக்கவே வாங்கினார், தம் ஏட்டில் எழுதினார், ஊர் கொதித்தது. பெண்ணின் இசைவு வயது 13இலிருந்து 16 ஆக உயர்ந்தது. ஸ்டெட்டுக்கு மூன்று மாதச் சிறையும் கிடைத்தது! விலையிலேதான் வேற்றுமை. அங்கும் ஏழையின் வீட்டுப் பெண்தான், இங்கும் ஏழையின் வீட்டுப் பெண்தான்.

பெண் விற்பனை என்றதும் நம் நினைவில் எழுவது பூட்டிய கதவும், கதவை உடைக்கும் காவலருமே. வரலாற்றைப் புரட்டினால் முதலில் தென்படுவது கதவு அன்று; கவிழ்த்து வைத்த சோற்றுப்பானை. தரகன் பானையைப் பார்த்த பிறகுதான் பெண்ணைப் பார்க்கிறான்.

கம்மாபுரத்திலிருந்து இதை எழுதும் நமக்கு இந்தப் பானையின் கதை புதிதன்று. நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்பது 1930களில் தெரிய வந்தது. 1956இல் நெய்வேலியில் நிறுவனம் எழுந்தது. 1957 மே திங்களில் சுரங்க வேலை தொடங்கியது. அதற்கு முன்னர் இப்பகுதி வானம் பார்த்த பூமி. முந்திரியும் முட்செடியும் விளைந்தன. விருத்தாசலம் வட்டாரத்து வறட்சி தென்னார்க்காட்டில் பேர்பெற்றது.

நமக்கு வடகிழக்கே, நெய்வேலியைக் கடந்தால் வடலூர். 1867 மே 23ஆம் நாள் அங்கே வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து அளித்த 80 காணி நிலத்தில் எழுந்தது அந்தத் தருமச்சாலை. சாதி கேளாமல், ஊர் கேளாமல், வந்தவர்க்கெல்லாம் உணவு. பசித்தவனைப் பார்த்துத் தத்துவம் பேசாமல் இலை போட்ட பெரியவர் அவர். அவ்வகையில் அவர் நமக்கு உறவினர்.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. வடலூரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வட ஆர்க்காட்டு, தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஆள்பிடிப்போர் திரிந்து கொண்டிருந்தனர். நேட்டாலின் கரும்புத் தோட்டத்திற்கு 1860 முதலே சென்னையிலிருந்து கப்பல் சென்றது. பின்னர் பீஜித் தீவுக்கும் சென்றது. ஆண்கள் 100 பேருக்குப் பெண்கள் 40 பேர் என்பது கணக்கு. அந்தக் கணக்கு நிரம்பாவிட்டால் கப்பல் புறப்படுவதில் தொல்லை. ஆகவே கணவனை இழந்தவள், மாமியாரோடு பிணங்கி வெளியேறியவள், திருவிழாக் கூட்டத்தில் வழி தவறியவள் என எவள் தனியே நின்றாலும் அவள் அருகே இனிய சொல்லோடு ஒருவன் வந்து நின்றான். முதலில் என்ன கொடுத்தான்? ஒரு வேளைச் சோறு! 1917இல் அந்த ஆள்பிடிப்பு நிற்கும்வரை எத்தனை ஊர்கள் எத்தனை மகளிரை இழந்தன என்பதற்கு அவ்வூர்களில் கல்வெட்டு இல்லை.

சோறு போடுபவன் வள்ளலாகவும் இருக்கலாம், தரகனாகவும் இருக்கலாம். உண்பவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதவரையில், கைநாட்டு எந்தத் தாளில் விழுகிறது என்பதை அவள் அறியாள். சோற்றோடு எழுத்தும் சேர்ந்தாலன்றி அவளுக்குக் காவல் இல்லை. இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்கும் துணிவு அரசாட்சிக்கு வர 1920 ஆக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு, சென்னை மாநகராட்சியின் தலைவராக வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயர் வீற்றிருந்தபோது, ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவு. ஓர் அணா! அதற்கும் கண்பட்டது. தொடக்கக் கல்விக்கு ஒதுக்கிய பணத்தை உணவுக்குச் செலவிடலாகாது என்றது மேலிடம். 1925இல் அது நிறுத்தப்பட்டது. கல்வி வேறு, கஞ்சி வேறு என நினைத்த அறிவாளிகள் அன்று கோட்டையில் இருந்தனர். பசித்த பிள்ளை பள்ளியிலிருந்து எங்கே போகும் என்று அவர்கள் கேட்டார்களா, தெரியவில்லை. பெண் பிள்ளை எங்கே போகும் என்று கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கேட்டவர் ஒருவர் 1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். டாக்டர் முத்துலட்சுமி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராசா கல்லூரியின் தலைவர். ஆண்கள் படிக்கும் அந்தக் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் இடமளித்தார். 1912இல் மருத்துவப் பட்டம். தங்கை நல்லமுத்துவோ சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வராக அமர்ந்த முதல் இந்தியப் பெண்மணி. எந்தக் குலத்துப் பெண்களுக்குச் சலங்கையைத் தவிர வேறு விதி இல்லை என்றார்களோ, அந்தக் குலத்துத் தாயின் இரு மகளிருக்கும் ஏடு கிடைத்தபோது நிகழ்ந்தது இது.

சட்டமன்றத்தில் அவர் தேவதாசி முறையை எதிர்த்துத் தீர்மானம் கொண்டு வந்தது 1927இல். சத்தியமூர்த்தி போன்ற நாவலர்கள் எதிர்த்து நின்றனர். அந்தச் சொற்போரைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் அதில் நெடுநேரம் நிற்கவில்லை. நாம் காண விழைவது 1929இல் வந்த திருத்தச் சட்டம். அது பொட்டுக்கட்டுவதைத் தடுக்கவில்லை என்று அதனைச் சிறிதாக மதிப்பவர் உண்டு. அவர்கள் பானையைப் பார்க்க மறந்தவர்கள். கோயில் பணிக்கென மானிய நிலம் பெற்றிருந்த தேவதாசியர், அப்பணியை விட்டபின்னும் அந்நிலத்தை வைத்துக்கொள்ள அச்சட்டம் வழிசெய்தது. அதுவரை நிலை என்ன? பணியை விட்டால் நிலம் போகும். நிலம் போனால் சோறு போகும். ஆகவே மூத்தவள் தளர்ந்ததும் இளையவளுக்குப் பொட்டு! வறியவர் வீட்டுச் சிறுமியை விலைக்கு வாங்கியேனும் பொட்டு! தாலி கட்டிய தெய்வத்தைவிட அந்த மானியமே வலிய கட்டு. முத்துலட்சுமி முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தார். மருத்துவர் அல்லரோ, நோய் எங்கே இருக்கிறது எனக் கை வைத்துப் பார்த்தவர்!

சட்டம் வந்த சூட்டிலேயே அதன் குறையும் கண்முன் வந்து நின்றது. பொட்டுக்கட்டுக்கு அஞ்சி வெளியேறிய சிறுமியர் அம்மையாரின் வீட்டு வாசலில் அடைக்கலம் கேட்டனர். தங்கவைக்க விடுதிகளில் இடம் தேடினார். இன்ன குலத்துப் பெண்கள் என்றதும் விடுதிகள் கைவிரித்தன. சட்டமன்றத்தின் துணைத்தலைவராயிருந்தவர் கேட்டும் ஒரு சிறுமிக்குப் படுக்க ஒரு பாய் கிடைக்கவில்லை! 1930ஐ ஒட்டித் தம் இல்லத்தையே அவர்களுக்குத் திறந்தார். அதற்கு ஒளவை என்று பெயரிட்டார். மன்னர் அவையிலே தமிழ் பேசிய, எவருடைய மனைவி என்றும் எவருடைய மகள் என்றும் அறியப்படாத புலமைப் பெண்ணின் பெயர்.

ஒளவை இல்லம் பின்னர் அடையாற்றில் வேரூன்றியது. அங்கே முதலில் உணவு, அடுத்தது எழுத்து, அதற்கடுத்தது கைக்கொரு தொழில். பள்ளி வளர்ந்து உயர்நிலைப் பள்ளியாயிற்று. ஆசிரியப் பயிற்சியும் இணைந்தது. பாதுகாப்பு இல்லம் என்றால் பூட்டும் சாவியும் என எண்ணிய காலத்தில், உள்ளே வந்த பெண் ஆசிரியையாக வெளியே செல்லும் வாயிலை அமைத்தது அந்த இல்லம். அதே 1930இல் சென்னை மாகாணத்தின் விபசாரத் தடைச் சட்டமும் வந்தது. சட்டம் விடுதிகளை மூட ஆணை பிறப்பிக்கலாம். மூடிய விடுதியிலிருந்து வெளியேறியவள் அன்றிரவு எங்கே உண்பாள் என்பதை எந்தப் பிரிவும் எழுதுவதில்லை. பின்னாளில் திருச்சியில் பெரியாரும் மணியம்மையாரும் நாகம்மையார் பெயரால் குழந்தைகள் இல்லம் கண்டதும் இக்குறையை உணர்ந்த நெஞ்சத்தால்தான்.

இனி, நாம் தொடங்கிய இடத்துச் சிறுமிக்கு வருவோம். விலைக்கு வாங்கப்பட்ட இராமாமிர்தம் பொட்டுக்கு உடன்படவில்லை. தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையைத் துணைவராக ஏற்றார். 1925இல் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாடு கூட்டினார், பெரியாரையும் திரு.வி.க.வையும் அழைத்துவந்து பேசவைத்தார். 1936இல் தாம் கண்டதைப் புதினமாக்கி, தாசிகள் மோசவலை என்று பேரிட்டு அச்சேற்றினார். 1938இல் திருச்சியிலிருந்து சென்னைவரை இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தார், சிறை புகுந்தார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதைக் கண்ணால் கண்டார். 1962இல் மறைந்தார். பத்து ரூபாய்க்கு விலைபோனவருக்கு அமைந்த வாழ்வு இது. அம்மையாருக்கு வாய்த்த நெஞ்சுரம் எல்லார்க்கும் வாய்க்குமா? வாய்க்காதவர்களுக்காகத்தான் பள்ளியும் உணவும் வேண்டியிருக்கின்றன.

அவர் பெயரால் 1989இல் கலைஞர் ஆட்சி ஒரு திட்டம் கண்டது. ஏழைப் பெண்ணின் திருமணத்திற்கு அரசு உதவித்தொகை. ஆனால் ஒரு நிபந்தனை, அவள் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும். சீர்திருத்தக்காரர் சிலர் திருமணத்திற்குப் பணமா என முகம் சுளித்தனர். நாமும் சற்றே சுளித்தோம். பிறகு கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளைப் பார்த்தபோது அந்த நிபந்தனையின் அருமை விளங்கிற்று. அங்கே சில ஆலைகள் சுமங்கலித் திட்டம் என்று பேர் சூட்டி, வறிய மாவட்டங்களின் சிறுமியரை மூன்றாண்டு ஒப்பந்தத்திற்கு அழைத்தன. விடுதியும் உணவும் உண்டு. முடிவில் திருமணத்திற்கென மொத்தத் தொகை என்று ஆசை காட்டின. விடுதிக்கு வெளியே தனியே செல்ல விடுவதில்லை. ஆண்டு முடியுமுன் நோயில் விழுந்து வீடு திரும்பினால் தொகை கிடைப்பது ஐயமே. ஆலையின் திருமணத் தொகை, படிப்பை விட்டு வா என்றது. அரசின் திருமணத் தொகை, படித்து முடி என்றது. இரண்டும் ஒரே வீட்டின் வறுமையைக் குறிவைத்தவை. 2022இல் அத்திட்டத்திலிருந்து திருமணம் நீங்கிற்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து மேற்படிப்பில் சேரும் மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் என்று செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கிய அத்திட்டத்திற்குப் புதுமைப்பெண் என்று பெயர். பணம் தந்தையின் கைக்குப் போகவில்லை. மாணவியின் வங்கிக் கணக்கில் விழுந்தது. பத்தே நாள் கழித்துத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கிற்று. ஓர் அணாவுக்குத் தடைபோட்ட கோட்டையிலிருந்துதான் இவ்வாணைகள் புறப்பட்டன!

இவ்வளவும் மகிழ்ச்சியே. ஆயினும் கம்மாபுரத்து வீடொன்றில் அமர்ந்து, ஆறு வயது முதல் ஒரு பெண்ணின் பின்னே வயதை எண்ணிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புவரை காலை உணவு. 1956இல் காமராசர் பரப்பி, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கி, பின்னர் முட்டையும் சேர்ந்த பகலுணவு பத்தாம் வகுப்புவரை. கல்லூரியில் சேர்ந்த பின் 1,000 ரூபாய். இடையே இருப்பவை பதினொன்றும் பன்னிரண்டும்: பதினாறு, பதினேழு வயது. செங்கற்சூளைக்கு முன்பணம் பேசுபவனும், ஆலைக்கு ஆள் சேர்ப்பவனும், நகரத்தில் வீட்டு வேலை என்று சொல்லி அழைப்பவனும் வாசலில் வந்து நிற்பது இந்த வயதில்தான். 2022இன் இரு திட்டங்களும் வந்தபோது, பதினோராம் வகுப்பில் அவளுக்கு அரசு மிதிவண்டி தந்தது. பகலுணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டிருந்தது.