பாறையும் அடிகுழாயும்

பெங்களூர் லால்பாக் பாறையையும் அதன் உச்சியில் நிற்கும் கெம்பே கௌடர் கோபுரத்தையும் காணாத தமிழர் இந்நகரில் சிலரே. அப்பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்பர் நிலவியலார். தக்காண மேட்டு நிலத்தின் அடியில் பெரும்பாலும் கடும்பாறையே கிடக்கிறது. கடப்பாரையால் மாதக்கணக்கில் வெட்டிய கிணறும் மழை பொய்த்த ஆண்டில் வற்றிவிடும். பின்னர் மக்களுக்குக் குட்டை நீரே கதி. அதனுடன் வாந்திபேதியும் வந்து சேரும்.

1960களில், மகாராஷ்டிரத்து ஜால்னா, வடாலா, சோலாப்பூர் ஆகிய இடங்களில் கிறிஸ்தவ மிஷன் தொண்டர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் சம்மட்டியைத் துளைக்குள்ளேயே இறக்கிப் பாறையைப் பொடியாக்கும் யந்திரத்தை அவர்கள் பயன்படுத்தினர். பீகாரை 1966-67இல் வறட்சி வாட்டியபோது, யூனிசெப் நிறுவனமும் இத்தகைய யந்திரங்களைத் தருவித்தது.

துளையிடுவது எளிதாயிற்று, ஆனால் நீரை மேலேற்றுவது எளிதாக இல்லை. அன்று பொருத்தப்பட்டவை, மேனாட்டில் ஒரு குடும்பத்தின் தேவைக்கென அமைந்த வார்ப்பிரும்புக் குழாய்களைப் பார்த்துச் செய்தவை. நம் கிராமத்திலோ விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை கைப்பிடி ஓயாது. 1974இல் யூனிசெப் கணக்கெடுத்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குழாய்கள் பழுதாகிக் கிடந்தன. குழாய் நின்ற அன்றே பெண்கள் குடத்துடன் பழைய குட்டைக்குத் திரும்பியிருப்பார்கள். கிணறுகளின் எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கையில் இது தெரிவதில்லை.

மிஷன் பட்டறைகளே இதற்கும் விடை தேடின என்பதை நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஜால்னாவில் வார்ப்பிரும்பு விலக்கப்பட்டு எஃகு வந்தது. பல மூட்டுகளுக்கு மாறாக ஒரே அச்சு அமைந்தது. சோலாப்பூரில் அந்த அச்சுக்குத் தூசி புகாத பேரிங்கும், கைப்பிடியின் வளைந்த முனையில் சங்கிலியும் சேர்ந்தன. சைக்கிள் சங்கிலியைப் பார்த்தவர்க்கு இதன் நுட்பம் விளங்கும்: வளைவின் மேல் தவழும் சங்கிலி, உள்ளே செல்லும் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்காமல் நேராகத் தூக்குகிறது. கம்பி தேய்வது குறைகிறது.

இந்தச் சோலாப்பூர் குழாயை அடிப்படையாகக் கொண்டு, யூனிசெப்பும் அரசும் சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் ஆலையும் கூடி உருவாக்கியதே ‘இந்தியா மார்க் 2’. 1976-77இல் அது கோவை வட்டாரக் கிணறுகளில் சோதிக்கப்பட்டது. அதற்குக் காப்புரிமைத் தடை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் ஊர்க் காவலர், ஒன்றிய மெக்கானிக், மாவட்டப் பழுதுபார்ப்புக் குழு என்னும் மூன்றடுக்குப் பராமரிப்பும் ஏற்பட்டது. குழாய்க்கு நிகரான கண்டுபிடிப்பு இதுவே என நாம் கருதுகிறோம். 1983 முதல் 1988 வரை கோவையில் நடந்த மற்றொரு சோதனையின் பயனாக, நீர்க்குழாய் முழுவதையும் உருவாமலே உள்ளுறுப்புகளை வெளியே எடுக்கத்தக்க ‘மார்க் 3’ வந்தது.

மார்க் 2 கடல் கடந்தும் சென்றது. கானாவிலும் மாலியிலும் அதனைக் காணலாம். உகாண்டாவில் ‘யு 2’ என்பது அதன் பெயர். ஆப்பிரிக்கக் கிராமங்களில் திருச்சபைத் தொண்டர்கள் இன்று பொருத்தும் குழாய்களிலும் இது உண்டு.

ஆயினும் அடிகுழாய்க்கு எட்டாத நோயும் உண்டு. பெங்களூருக்கு அண்மையிலுள்ள கோலார் மாவட்டத்தில், ஆழத்து நீரிலுள்ள ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. அதனை நீக்குவதற்கென ஊர்தோறும் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்துள்ளன. அவற்றுள் சில, பழுது பார்ப்பாரின்றிப் பூட்டிக் கிடப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன.