ஏட்டுச் சுரைக்காயும் பாரிஸ் மெட்ரோவும்

பொட்டி தட்டுற மக்கள் நிறைய பேர் இதைப் பார்த்திருப்பீங்க. ப்ராஜெக்ட் ஆரம்பத்துல கட்டம் கட்டமா, அம்புக்குறி போட்டு, கலர் கலரா டயகிராம் வரைவாங்க. மூணு மாசம் கழிச்சு டெட்லைன் கழுத்தை நெரிக்கும்போது அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டாங்க. நிரல் ஒரு பக்கம் ஓடும், படம் ஒரு பக்கம் தூங்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க :-)

'மாடலை வரைஞ்சா போதும், நிரல் தானா வந்துடும்'ங்கிற கனவு ரொம்பப் பழசு. 1980கள்ல கேஸ் டூல்ஸ்னு ஒரு அலை அடிச்சது. 1989-ல ஐபிஎம் ஏடி/சைக்கிள்னு தடபுடலா அறிவிச்சது, சில வருஷத்துலயே அடங்கிப்போச்சு. 1997-ல ஓஎம்ஜி அமைப்பு யூஎம்எல்-ஐத் தரமா ஏத்துக்கிச்சு. 2001-ல அதே அமைப்பு எம்டிஏ-ன்னு கொடி பிடிச்சது. நடுவுல 1986-லயே ஃப்ரெட் ப்ரூக்ஸ், மென்பொருளோட சிக்கலைப் படம் போட்டு முழுசா காட்டிட முடியாதுன்னு எச்சரிச்சிருந்தார். யார் கேட்டா?

அப்ப பெரிய ப்ராஜெக்ட்ல இந்த வழி எங்கயுமே உருப்படலையா? உருப்பட்ட இடம் ஒண்ணு இருக்கு. அது பாரிஸ் நகரத்துக்கு அடியில, தண்டவாளத்து மேல.

1980கள்ல பாரிஸோட ஆர்இஆர் ஏ லைன்ல கூட்டம் தாங்கல. இன்னொரு சுரங்கம் தோண்டறதைவிட, ரயில்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைக் குறைக்கலாம்னு முடிவு பண்ணாங்க. ரெண்டரை நிமிஷத்தை ரெண்டு நிமிஷமாக்கினா மணிக்கு 24 ரயிலுக்குப் பதிலா 30 ஓட்டலாம். ஆனா அவ்வளவு நெருக்கத்துல ரயிலோட வேகத்தைக் கண்காணிக்க மென்பொருள் வேணும். அதுல ஒரு தப்பு நடந்தா உயிர் போகும். 1989-ல ஓட ஆரம்பிச்ச அந்த அமைப்புக்கு சாசெம்னு பேரு. நிரலை முதல்ல எழுதிட்டு, அது சரின்னு கணக்கு வழியில பின்னாடி நிரூபிக்கப் பார்த்தாங்க. நாக்கு தள்ளிடுச்சு. கட்டி முடிச்ச வீட்டுக்கு அப்புறமா பிளான் வரையற கதைதான்.

அதுல கிடைச்ச பாடம், மாடல்லேர்ந்து தொடங்கணும்ங்கிறது. ழான் ரேமோன் அப்ரியால் உருவாக்கின பி மெத்தட் அதுக்குக் கைகொடுத்தது. ஓட்டுநரே இல்லாத மெட்ரோ 14-ஆம் லைனுக்கு, உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மென்பொருளை மாட்ரா நிறுவனம் இப்படித்தான் செஞ்சது. முதல்ல 'ஒரே துண்டுத் தண்டவாளத்துல ரெண்டு ரயில் இருக்கக்கூடாது' மாதிரியான விதிகளைக் கணக்கு மொழியில எழுதணும். அப்புறம் படிப்படியா விவரம் சேர்த்துக்கிட்டே போகணும். ஒவ்வொரு படியும் முந்தின படியை மீறலைன்னு நிரூபிக்கணும். கடைசிப் படியிலேர்ந்து ஏடா மொழி நிரலைக் கருவியே எழுதிடும்.

கணக்கைப் பாருங்க. மாடல் சுமார் 1,15,000 வரி. அதுலேர்ந்து வந்த ஏடா நிரல் சுமார் 86,000 வரி. நிரூபிக்க வேண்டிய கூற்றுகள் சுமார் 27,800. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க, நிரலைவிட மாடல்தான் பெருசு! உழைப்பு ஒண்ணும் காணாமப் போகல, இடம்தான் மாறுச்சு. ஆனா அதுக்குப் பலன் இருந்தது. அந்தப் பகுதிக்கு யூனிட் டெஸ்டிங்கையே விட்டுட்டாங்க. நிரூபணம் முடிஞ்சப்புறம் நடந்த சோதனைகள்ல அந்தப் பகுதியில ஒரு பக்-கூட சிக்கல. 1998 அக்டோபர்ல ரயில் ஓட ஆரம்பிச்சது.

கேஸ் டூல்ஸ் தோத்த ஆட்டத்துல இது எப்படி ஜெயிச்சது? எது மூலம், எது நகல்ங்கிற கேள்விலதான் விஷயம் இருக்குன்னு எனக்குத் தோணுது. நம்ம ப்ராஜெக்ட்ல படமும் மூலம், நிரலும் மூலம். ராத்திரி ரெண்டு மணிக்கு நிரல்ல ஒரு வரியை மாத்தினா, படம் அப்பவே பொய்யாயிடும். பாரிஸ்ல மாடல்தான் மூலம். எதையாவது திருத்தணும்னா மாடலைத் திருத்தி, மறுபடி நிரூபிச்சு, நிரலைப் புதுசா எடுக்கணும். குறுக்கு வழியே கிடையாது.

எல்லாத்துக்கும் இது சரிப்படுமான்னா, படாது. பாரிஸ்லயே பாதுகாப்பைத் தொடாத பகுதிகளை வழக்கமான முறையிலதான் எழுதினாங்க. ரயில் பிரேக் பிடிக்கிற இயற்பியல் வாராவாரம் மாறாது, இன்சூரன்ஸ் கம்பெனி விதி மாறும். அப்புறம், நிரூபணம் மாடலுக்கும் நிரலுக்கும் நடுவுலதான் காவல் நிக்கும். 'இந்தச் சரிவுல ரயில் இவ்வளவு தூரத்துல நின்னுடும்'னு மாடல்ல தப்பா எழுதிட்டா, அந்தத் தப்பும் சுத்தமா நிரூபிக்கப்பட்டு நிரலுக்குப் போயிடும். அதைக் கண்டுபிடிக்க ரயிலைத் தெரிஞ்ச மனுஷன்தான் வேணும்.

அந்த லைன் 2024-ல ஓர்லி விமான நிலையம் வரைக்கும் நீண்டாச்சு. இன்னமும் ஓட்டுநர் இல்லாமத்தான் ஓடுது. அடுத்த தடவை மீட்டிங்ல யாராவது கலர் டயகிராமைக் காட்டி 'இனிமே கோடிங் வேலை மிச்சம்'னு சொன்னா, ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 'நிரலை மாத்தணும்னா இந்தப் படத்தைத்தான் மாத்தணுமா?' தலையைச் சொறிஞ்சாங்கன்னா, அது சுரைக்காய்தான்.