இங்க்ஜெட் வித்தையும் முழிச்சுக்கிட்ட செல்லும்

ஆபீஸ்ல ஆணி அதிகம் மக்களே, அதான் ஒரு வாரமா பதிவு இல்லை. எங்க சர்வர் ஒண்ணு மக்கர் பண்ணிச்சு. சராசரி வேகத்தைப் பார்த்தா எல்லாம் நலம். ஒவ்வொரு ரிக்வெஸ்டா பிரிச்சுப் பார்த்தப்புறம்தான் நூத்துல ரெண்டு பேர் தவியா தவிக்கறது தெரிஞ்சுது.

இதே தலைவலி நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காரங்களுக்கும் இருந்திருக்கு. நம்ம ரத்தத்துல இருக்கற டி-செல்கள்ல ஒரு குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு முழிச்சுக்கறது ரொம்பக் கொஞ்சம்தான். அந்தக் காலத்துல கதிரியக்க தைமிடினைக் கலந்து, சில நாள் காத்திருந்து, மொத்தமா எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு அளப்பாங்க. கிடைக்கறது ஒரே ஒரு எண். எந்த செல் முழிச்சுது, எது தூங்குச்சுன்னு அதுல தெரியாது.

1965-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்துல (ஆமாங்க, அணுகுண்டு செஞ்ச அதே இடம்தான்) மேக் ஃபுல்வைலர் ஒரு கருவி செஞ்சார். மைத்துளிக்கு மின்னூட்டம் கொடுத்துத் திசை திருப்பற இங்க்ஜெட் வித்தையை ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஸ்வீட் ஏற்கெனவே கண்டுபிடிச்சிருந்தார். அதுல மைக்குப் பதிலா செல்லைப் போட்டார் ஃபுல்வைலர். ஆனா அது செல்லின் பருமனை வெச்சுத்தான் பிரிக்கும்.

ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்சன்பெர்க்னு ஒருத்தர். நுண்ணோக்கியில ஒளிரும் செல்களை எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனவர். லாஸ் அலமாஸ் போய், "ஒளிர்வை வெச்சுப் பிரிக்கற மாதிரி மாத்தித் தர்றீங்களா?"ன்னு கேட்டார். முடியாதுன்னுட்டாங்க. ஆனா வரைபடத்தைக் கொடுத்தாங்க! ஊருக்கு வந்து தன் குழுவோட தானே செஞ்சுட்டார். 1969-ல் வந்த முதல் வடிவத்துல பாதரச விளக்கு. 1972-ல் ஆர்கான் லேசர் வந்ததும் மங்கலான செல்லும் பளிச்னு தெரிய ஆரம்பிச்சுது.

அப்புறம் வேதியியல்காரங்க கை கொடுத்தாங்க. டி-செல் முழிச்ச சில மணி நேரத்துல அதன் மேல்பரப்புல சிடி69-னு ஒரு புரதம் தலைகாட்டும். சாயம் பூசின ஆன்டிபாடி அதுல போய் ஒட்டிக்கும். லேசர் பட்டா மின்னும். அதுக்கும் முந்தின அறிகுறி, செல்லுக்குள்ள கால்சியம் ஏறுறது. ரோஜர் சியென் குழு 1985-ல் வெளியிட்ட இண்டோ-1 சாயம், கால்சியம் பிடிச்சதும் தன் ஒளியின் நிறத்தையே மாத்திக்கும். நாள் கணக்குல காத்திருந்த விஷயம் நிமிஷக் கணக்குல, அதுவும் செல் செல்லா!

எய்ட்ஸ் வந்தப்போ சிடி4 செல்களை எண்ணினதும் இந்த வகைக் கருவிதான். அந்த எண்ணை வெச்சுத்தான் பல வருஷம் மருந்தை எப்ப ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்ணினாங்க. ஹெர்சன்பெர்குக்கு 2006-ல் கியோட்டோ பரிசு கிடைச்சுது. 2013-ல் காலமானார்.

எனக்கு என்னவோ லேசரைவிட அந்த வரைபடம்தான் மனசுல நிக்குது. "எங்களால முடியாது, இந்தா நீ செஞ்சுக்கோ"ன்னு கொடுத்தாங்க பாருங்க, ஓப்பன் சோர்ஸ்ங்கற பேர் வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி! நம்ம ஆபீஸ்ல பக்கத்து டீம்கிட்ட கோடு கேட்டா கிடைக்குதா? பின்னூட்டத்துல சொல்லுங்க.